லோச் வாங்கப் போகிறவர்களுக்கு

தொட்டியின் அடியில் மேயும் லோச் மீனை வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான். தொட்டியில் நத்தை பெருகியிருக்கும், அதைத் தின்ன ஒரு மீன் வேண்டும். இல்லாவிட்டால், ஆரஞ்சு உடம்பில் மூன்று கறுப்புப் பட்டையோடு கூட்டமாக மேய்கிற க்ளவுன் லோச்சுகளைக் கடையில் பார்த்து மனது போயிருக்கும். இரண்டிலும் தவறில்லை. ஆனால் வீட்டுத் தொட்டி காலியாக இல்லை. ஓர் ஏஞ்சலோ, ரெட் டெயில் ஷார்க்கோ, தனியாகவே வளர்ந்துவிட்ட ஒரு லோச்சோ இரண்டு மூன்று வருடமாக அதில் இருக்கிறது. நமக்குக் கண்ணாடிப் பெட்டியாகத் தெரிவதில் அந்த மீனுக்கு ஒவ்வொரு மூலையும் அத்துப்படி. எது தன் இடம் என்பதையும் அது முடிவு செய்துவிட்டது. வரப்போகும் மீனோ இளைத்து, மிரண்டு, பல நேரம் நோயையும் சுமந்துகொண்டு வருகிறது. இவர்களைச் சேர்த்து வைப்பது ஒரு மாத வேலை. அதை ஒரு மாலையில் முடிக்கப் பார்ப்பதால்தான் நல்ல மீன்கள் வீணாகச் சாகின்றன. அந்தச் சாவுகளைத் தடுக்க முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

1. எந்த லோச் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கடையில் எல்லாவற்றுக்கும் லோச் என்றுதான் பெயர். குணம் ஒவ்வொன்றுக்கும் வேறு. க்ளவுன் லோச்சின் ஊர் சுமத்ரா, போர்னியோ தீவுகளின் ஆறுகள். இரண்டு அங்குலக் குஞ்சாகத்தான் விற்பார்கள். நன்றாக வைத்துக்கொண்டால் ஓர் அடி நெருங்கும், 20 வருடத்துக்கு மேலும் வாழும். ஆறடித் தொட்டி வைக்க இடமில்லாதவர்கள் அதை மறந்துவிடுவது நல்லது. யோயோ லோச் நம் கங்கைச் சமவெளி மீன். ஐந்தாறு அங்குலத்தோடு நின்றுவிடும், நாலடித் தொட்டி போதும், ஆனால் துடுக்கு அதிகம். குஹ்லி லோச் பாம்புக்குட்டிபோல் மெலிந்தது, பரம சாது. வரிவரியாக இருக்கும் ஸீப்ரா லோச் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கே உரியது. அழியும் ஆபத்தில் உள்ள மீன்களின் பட்டியலில் இருக்கிறது. பண்ணையில் பிறந்தது என்று உறுதியாகத் தெரியாமல் அதை வாங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

பாறையில் ஒட்டிக்கொள்ளும் மலையோடை லோச்சுகளும், டோஜோ எனப்படும் சீன, ஜப்பானிய லோச்சும் குளிர்ந்த நீர் மீன்கள். மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகிற நம் வீடுகளில் அவை படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது.

அயிரையும் லோச்தான். மதுரைப் பக்கம் குழம்புக்குப் போகும் அதே மீன். 1846இல் அதை அறிவியல் நூலில் விவரித்தபோது ஆதாரமாக இருந்தவை திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றில் கிடைத்த மீன்கள். எனவே நம் வெயிலைத் தாங்குமா என்ற கவலையே அதற்கு வேண்டாம். அடியில் மெல்லிய மணலும், கூட நாலைந்து அயிரையும் இருந்தால் போதும். சிறிய தொட்டிக்கு நான் முதலில் சொல்லும் லோச் இதுதான்.

2. ஒற்றை லோச் வாங்காதீர்கள்.

குறைந்தது ஐந்து, முடிந்தால் ஏழெட்டு. தனி லோச் ஒன்று நாள் முழுக்கக் குழாய்க்குள் பதுங்கிச் சாப்பிடாமல் இளைக்கும், அல்லது மற்ற மீன்களைத் துரத்தியே பொழுதைக் கழிக்கும். கூட்டமாக வரும்போது அவை தங்களுக்குள் யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்வதில் மும்முரமாகிவிடும். பழைய மீன் துரத்த வந்தாலும் அந்த அடி ஒருவர் மேலேயே விழாது.

3. உங்கள் பழைய மீனைப் பற்றி உள்ளதை உள்ளபடி யோசியுங்கள்.

பாசத்தால் நாம் நம் மீனுக்கு நற்சான்று கொடுத்துவிடுகிறோம். "என் ஆஸ்கார் யாரையும் ஒன்றும் செய்யாது" என்பார்கள். வாயில் அடங்குகிற எதையும் ஆஸ்கார் விழுங்கும். ஃப்ளவர்ஹார்ன் விழுங்காததைக் கடித்துப் போடும். லோச் விஷயத்தில் இது இரட்டை நஷ்டம். லோச்சின் கண்ணுக்குக் கீழே மடங்கிக் கிடக்கும் ஒரு முள் உண்டு. ஆபத்து என்றால் அதை விரித்து நிறுத்திக்கொள்ளும். விழுங்கிய மீனின் தொண்டையில் அது மாட்டினால் இரண்டும் சாகும்.

ரெட் டெயில் ஷார்க் இருக்கும் தொட்டிக்கு லோச் வேண்டாம் என்றே சொல்வேன். அதுவும் தரையோடு திரியும் மீன். வளர்ந்தபின் தரை முழுவதையும் தனதாக்கிக்கொள்ளும். நாலடித் தொட்டியில் இந்த இரண்டு தரப்புக்கும் இடம் பிரித்துத் தருவது பெரும்பாடு.

ஏஞ்சல், பெட்டா, நீளவால் கப்பி இருந்தால் பயம் எதிர்ப்பக்கத்தில். யோயோ லோச்சுகள் தொங்கும் துடுப்புகளைக் கொறிக்கும். அங்கே குஹ்லியோ அயிரையோ சரியாக இருக்கும். ஏஞ்சல் ஜோடி முட்டையிடும் தொட்டியானால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: எந்த லோச் வந்தாலும் இரவில் முட்டை மிஞ்சாது. தங்கமீனோடு வெப்பமண்டல லோச்சுகளைச் சேர்க்க வேண்டாம். தண்ணீர்ச் சூடு இருவருக்கும் ஒத்துவராது.

நல்ல துணை என்றால் பார்ப் வகைகள்தான். மிஸ் கேரளா, டைகர் பார்ப் போன்ற சுறுசுறுப்பான மீன்கள் நடுத்தண்ணீரில் தைரியமாகத் திரிவதைப் பார்த்துத்தான் பதுங்கிய லோச்சுகள் வெளியே தலைநீட்டும். இப்படிப்பட்ட கூட்டம் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

4. பழைய மீனே ஒரு தனி லோச் என்றால்.

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எப்போதோ நத்தைக்காக வாங்கி, வருடக்கணக்கில் ஒற்றையாகவே வைத்த யோயோவோ க்ளவுனோ பல வீடுகளில் இருக்கிறது. அதற்குத் துணை சேர்க்க நினைப்பது நல்ல எண்ணம், தாமதமானாலும் செய்யத்தக்கது. ஆனால் அதைவிடச் சிறிய ஒரே ஒரு லோச்சைக் கொண்டுவந்து விட்டால், அந்தக் குஞ்சு தூங்க முடியாது, சாப்பிட முடியாது. ஐந்தாறு குஞ்சுகளாக விடுங்கள். கிடைத்தால் அதில் ஒன்றிரண்டு பழையதின் அளவுக்குக் கிட்டத்தட்ட இருக்கட்டும். அப்போது பெரியதுக்கும் அதன் நிகரானதுக்கும் சில நாள் தள்ளுமுள்ளு நடக்கும், சிறியவை அந்த நேரத்தில் தங்கள் மூலைகளைப் பிடித்துக்கொள்ளும். அநேகமாகப் பழையதே தலைவராகும். வருடக்கணக்கில் இருட்டில் மட்டும் வெளியே வந்த மீன், தன் இனம் வந்த சில வாரத்தில் பகலிலேயே கூட்டத்தோடு நீந்தத் தொடங்குவதைக் காண்பீர்கள். இத்தனை நாள் அது எவ்வளவு தனியாக இருந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைக்கும்.

5. கடையில் பார்க்க வேண்டியவை.

மீனை மேலிருந்தும் பின்னாலிருந்தும் பாருங்கள். முதுகு கத்திமுனைபோல் ஒடுங்கி, வயிறு உள்ளே குழிந்திருந்தால் விலை பாதியானாலும் வேண்டாம். துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருப்பது, கல்லில் உரசுவது, உப்புத் தூவினதுபோல் வெள்ளைப் புள்ளி: ஒன்று தெரிந்தாலும் அந்தத் தொட்டியிலுள்ள எந்த மீனும் வேண்டாம். பக்கவாட்டில் சாய்ந்து செத்ததுபோல் கிடப்பது மட்டும் நோயில்லை. க்ளவுன் லோச் அப்படித்தான் ஓய்வெடுக்கும்.

கடைக்குச் சரக்கு எப்போது வந்தது என்று கேளுங்கள். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைக்காரர்களிடம் மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள். வந்து ஒரு வாரமாவது ஆன மீனாக, உங்கள் கண்முன் தீனி எடுக்கிற மீனாக இருக்கட்டும். க்ளவுன் லோச்சுகளில் பல இன்னமும் ஆற்றில் பிடிக்கப்படுபவை. மூங்கில் குழாய்களுக்குள் ஒதுங்கும் குஞ்சுகளை அப்படியே எடுக்கும் வழக்கம் சுமத்ராவில் உண்டு. அங்கிருந்து ஏற்றுமதியாளர், விமானம், மொத்த வியாபாரி, கடை என்று பல கை மாறி, பட்டினியோடு வருகிற மீன் அது.

6. வலை போட விடாதீர்கள்.

கண்ணுக்குக் கீழுள்ள அந்த முள் வலையில் சிக்கினால் பிரித்தெடுக்கும் முன் மீன் குற்றுயிராகிவிடும். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் ஓட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். பை இரட்டைப் பையாக இருக்கட்டும், ஒற்றைப் பையை முள் குத்திவிடும். வெறும் கையாலும் பிடிக்காதீர்கள், விரலையும் கிழிக்கும்.

7. நேராகப் பெரிய தொட்டியில் விடவே கூடாது.

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிப்பேன் என்று யாராவது சொன்னால், இதைக் கடைப்பிடிக்கச் சொல்வேன்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு தனித்தொட்டி போதும். சுமார் 55 லிட்டர் பிடிக்கும். மணல், செடி எதுவும் வேண்டாம். பிவிசி குழாய்த் துண்டுகளை மீன் எண்ணிக்கையைவிடக் கூடுதலாகப் போடுங்கள். ஒரு ஸ்பாஞ்ச் பில்டரைப் பெரிய தொட்டியில் ஒரு மாதம் முன்பே ஓட விட்டு, மீன் வரும் நாளில் அதை இங்கே மாற்றுங்கள். நல்ல பாக்டீரியா அதோடு வந்துவிடும். பாக்டீரியா இல்லாத தொட்டியில் மீனின் கழிவு அமோனியாவாகவே நிற்கும், அதை லோச் தாங்காது. ஹீட்டர் 27, 28 டிகிரியில் இருக்கட்டும். மூன்று வாரம் குறைந்தபட்சம், நான்கு வாரம் நிம்மதி.

இந்த மூன்று வாரம் வெள்ளைப்புள்ளி நோய்க்காகத்தான். லோச்சுகளை இது பிடிக்கிற மாதிரி வேறு மீன்களைப் பிடிப்பதில்லை. இவற்றின் செதில்கள் மிகச் சிறியவை, தோலுக்குள்ளேயே புதைந்திருக்கும். பார்க்கச் செதிலே இல்லாததுபோல் இருக்கும். நீங்கள் காணும் வெள்ளைப் புள்ளி, தோலுக்கடியில் உட்கார்ந்து தின்னும் ஒட்டுண்ணி. அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. முதிர்ந்ததும் அது மீனைவிட்டு உதிர்ந்து தரையில் ஒட்டி, கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்காகப் பிரிகிறது. அந்தக் குஞ்சுகள் வெளியே நீந்தி, ஓரிரு நாளுக்குள் இன்னொரு மீனைப் பிடித்தாக வேண்டும். மருந்து கொல்வது நீந்தும் அந்தக் குஞ்சுகளை மட்டும்தான். புள்ளிகள் மறைந்த மறுநாளே "குணமாகிவிட்டது" என்று மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு அடுத்த வாரம் இரண்டு மடங்காக ஏன் வருகிறது என்பது இதிலிருந்து புரியும். கடைசிப் புள்ளி மறைந்தபின் ஒரு வாரமாவது சிகிச்சை தொடர வேண்டும்.

தண்ணீரை ஓரிரு நாளில் மெல்ல 30 டிகிரிக்கு உயர்த்தினால் ஒட்டுண்ணியின் சுழற்சி வேகப்பட்டு, மருந்துக்குச் சீக்கிரம் ஆளாகும். சூடேறினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் கூடுதலாக ஓட வேண்டும். மாலகைட் க்ரீன் கலந்த மருந்தானால், புட்டியில் எழுதிய அளவில் பாதி. தாமிரம் கலந்த மருந்து லோச்சுக்கு விஷம். கல்லுப்பை அள்ளிப் போடச் சொல்வதையும் கேட்காதீர்கள். அதிக உப்பும் இவற்றுக்கு ஆகாது.

இன்னொரு தொல்லை, நன்றாகத் தின்றும் மீன் இளைத்துக்கொண்டே போவது. ஆற்றில் பிடித்த லோச்சுகளின் குடலில் புழு இருப்பது சகஜம். லெவமிசோல் போன்ற புழு மருந்துகள் கேட்கும், ஆனால் அளவை மீன் நோய் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

உங்கள் பழைய மீனுக்கு இந்தத் தனித்தொட்டியால் வரும் நன்மையை யாரும் பேசுவதில்லை. மூன்று வருடம் ஒரு நோயும் காணாத மீனை, முன்பின் அறியாத ஐந்து மீன்களின் கிருமிகளை ஒரே நாளில் சந்திக்க வைப்பது அதற்கு நாம் செய்யும் அநியாயம். வலை, வாளி, குழாய் எல்லாம் இரண்டு தொட்டிக்கும் தனித்தனியாக இருக்கட்டும்.

8. பையைத் திறக்கும் முறை, மீன் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது.

பக்கத்துக் கடையிலிருந்து அரைமணியில் வந்த மீனானால், பையைத் தனித்தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு முக்கால் மணிநேரம் அதன் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்குங்கள். வெளியூரிலிருந்து பார்சலில் ஒரு நாள் பயணம் செய்து வந்தால் அப்படிச் செய்யாதீர்கள். மூடிய பைக்குள் மீன் விட்ட மூச்சால் தண்ணீர் அமிலத்தன்மை அடைந்திருக்கும். அந்த அமிலத்தில் அமோனியா அதிகம் தீங்கில்லாத வடிவில் அடங்கிக் கிடக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, அமிலம் குறைந்து, அதே அமோனியா கொல்லும் வடிவுக்கு மாறத் தொடங்கும். அதில் மீனை ஒரு மணிநேரம் வைத்திருப்பது ஆபத்து. சூட்டைச் சமப்படுத்திவிட்டு, திறந்த சில நிமிடங்களில் மீனை மட்டும் மாற்றிவிடுங்கள். எப்படியானாலும் பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

மெட்ரோ குழாய்த் தண்ணீரானால் குளோரின் நீக்கி போடாமல் ஊற்றாதீர்கள். போர் தண்ணீர் மிகக் கடினமாக இருந்தால் ஆர்.ஓ. தண்ணீர் கலந்து தணியுங்கள். க்ளவுன், குஹ்லி இரண்டும் மென்னீர் மீன்கள். தனித்தொட்டிக் காலம் முடிவதற்குள் அதன் தண்ணீர் பெரிய தொட்டியின் தண்ணீரைப் போலவே ஆகியிருக்க வேண்டும்.

9. சேர்க்கும் நாளில் பழைய மீனின் வீட்டைக் கலைத்துவிடுங்கள்.

பழைய மீன் காப்பது ஓர் இடத்தை. அந்தக் கட்டையின் நிழல், இந்தக் கல்லின் பின்புறம் என்று அதன் எல்லை எல்லாம் அடையாளங்களால் ஆனது. அடையாளங்களை இடம் மாற்றிவிட்டால் அன்று அதுவும் புதியதுதான். கட்டை, கல், பானை எல்லாவற்றையும் மாற்றி அடுக்குங்கள். முன்பு திறந்தவெளியாக இருந்த பக்கத்தில் மறைவிடம் வரட்டும். மீன்களைவிட மறைவிடங்கள் அதிகம் இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல் வேண்டும். ஒருவழிப் பொந்துக்குள் மாட்டிய லோச்சை வாசலில் நின்று அடிப்பது பழைய மீனுக்கு எளிது.

தரையில் கூர்மையான சரளைக் கற்கள் இருந்தால் இதே சமயத்தில் மெல்லிய மணலாக மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். லோச் மீசையால் துழாவித்தான் தின்கிறது. சரளை அந்த மீசையைத் தேய்த்துப் புண்ணாக்கும். பில்டர் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள், குஹ்லி உள்ளே போய்விடும். மேலே மூடி இடைவெளியில்லாமல் இருக்கட்டும்.

10. விடும் நேரம் இரவு.

முதலில் பழைய மீனுக்கு வயிறார உணவு. பிறகு விளக்கை அணைத்து, அறை விளக்கையும் மங்க வைத்து, எல்லா லோச்சுகளையும் ஒரே நேரத்தில் விடுங்கள். இன்று இரண்டு, அடுத்த வாரம் மூன்று என்று தவணையில் விட்டால் ஒவ்வொரு முறையும் சண்டை புதிதாகத் தொடங்கும். ஒரு மணிநேரம் கழித்து, மூழ்கும் உணவை மறைவிடங்களுக்குப் பக்கத்தில் போடுங்கள். மறுநாள் மதியம்வரை விளக்கு வேண்டாம். பார்க்காமல் இருக்க முடியாவிட்டால் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச்சில் பாருங்கள்.

தொட்டியில் ஒரே நாளில் ஐந்தாறு மீன் கூடுகிறது என்பதால் பில்டருக்கும் சுமை ஏறுகிறது. முதல் வாரம் தீனியைக் குறைத்து, அமோனியாவையும் நைட்ரைட்டையும் தினமும் சோதியுங்கள். இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள்.

11. எது சண்டை, எது வழக்கம் என்று பிரித்துப் பாருங்கள்.

இரண்டு லோச்சுகள் தோளோடு தோள் உரசிச் சுற்றுவது, நிறம் வெளிறிச் சாம்பலாவது, "டிக், டிக்" என்று வெளியே கேட்கும்படி சத்தம் எழுப்புவது எல்லாம் அவற்றின் இயல்பு. தரவரிசை முடிந்ததும் நிறம் திரும்பிவிடும். கை வைக்காதீர்கள்.

கிழிந்த துடுப்பு, தோலில் புண், தண்ணீர் மேல்மட்ட மூலையில் ஒண்டி நிற்கும் மீன், மூன்று நாளாகத் தீனிக்கு வராத மீன் என்றால் தலையிட வேண்டும். அடிப்பது பழைய மீன் என்றால், அடிபடுகிறவரை வெளியே எடுக்கத் தோன்றும். அடிப்பவரைத்தான் எடுக்க வேண்டும். காலியான அந்தத் தனித்தொட்டியில் பழைய மீனை ஒரு வாரம் வையுங்கள். அதற்குள் லோச்சுகள் இடம் பிடித்துத் தெளிந்துவிடும். திரும்பி வரும் மீன் ஏற்கெனவே ஆள் இருக்கிற வீட்டுக்குள் நுழையும். இரண்டாவது முறையும் அடி தொடர்ந்தால் அந்த இரண்டும் சேராது என்று ஏற்றுக்கொண்டு ஒரு தரப்புக்கு வேறு வீடு பாருங்கள்.

12. பிறகான மாதங்கள்.

பகல் தீனியைப் பழைய மீன் முடித்துவிடும். விளக்கணைத்தபின் லோச்சுக்கென்று தனியாகப் போடும் வழக்கத்தை விடாதீர்கள்: மூழ்கும் மாத்திரை, உறையவைத்த ரத்தப்புழு, அவ்வப்போது வெள்ளரித் துண்டு. வாரம் ஒருமுறை எல்லா மீனையும் எண்ணி, வயிற்றைப் பாருங்கள். நத்தை குறைய மாதக்கணக்கில் ஆகும். நத்தையைப் பெருக்குவது மிஞ்சிய தீனி என்பதால், போடும் அளவைக் குறைக்காமல் லோச்சை மட்டும் நம்ப முடியாது.

க்ளவுன் லோச் உள்ளங்கை நீளத்தைத் தாண்டும்போது பெரிய தொட்டிக்கு ஏற்பாடு தொடங்கியிருக்க வேண்டும். முடியாதபோது, திரும்ப எடுத்துக்கொள்ளும் கடைக்காரரையோ பெரிய தொட்டி வைத்திருப்பவரையோ தேடிக் கொடுங்கள். ஏரியிலோ குளத்திலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். தொட்டி சுத்தம் செய்ய வாங்கி, வளர்ந்தபின் வீசப்பட்ட தென்னமெரிக்கச் சக்கர் கெளுத்திகள் இன்று நம் நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலைகளைக் கிழிக்கின்றன; அயிரையும் கெண்டையும் வாழும் தண்ணீர் அது.